துருப்பு எப்போ துருப்பாகுது?

ஒரு இஸ்பேடு ஏழால எங்க அப்பாவுக்கு ஒரு சீசன் உப்பள வேலை போச்சு. விளையாட்டுக்குச் சொல்லலை, நிஜமாவே சீட்டு விளையாட்டுலதான். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த கதை. போன வருஷம் அக்கா பையன் ஒரு விஷயம் சொன்ன பிறகுதான், இது வெறும் குடும்பக் கதை இல்லை, இதுக்குள்ள ஒரு சரித்திரம் இருக்குன்னு புரிஞ்சது. பதிவு கொஞ்சம் நீளம். சீட்டே தொடாதவங்களும் படிக்கிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போறவங்க மரக்காணத்தைப் பார்க்காம போக முடியாது. பக்கிங்காம் கால்வாய் வந்து முடியற ஊர். சாலையை ஒட்டியே பாத்தி பாத்தியா உப்பளம், வரப்போரமா உப்புக் குவியல், மேல கீத்து. தை, மாசியில வேலை தொடங்கினா ஆவணி, புரட்டாசி வரைக்கும் ஓடும். ஐப்பசி பிறந்து மழை விழுந்ததும் எல்லாம் கரைஞ்சு, பாத்தி குளமாயிடும். அப்புறம் மூணு மாசம் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. டீக்கடையிலயும் உப்புக் கொட்டகையிலயும் சீட்டுக்கட்டு மட்டும் ஓய்வில்லாம ஓடும்.

பக்கத்து ஊர்கள்ல ரம்மி. எங்க கொட்டகையில முந்நூத்திநாலு. இலங்கைத் தமிழ் நண்பர்கள் இந்த இடத்துல நிமிர்ந்து உட்காருவீங்கன்னு தெரியும் :-) யாழ்ப்பாணத்துலயும் கொழும்புலயும் இருக்கிற அதே ஆட்டம்தான். தமிழ்நாட்டுல கடலோரமா சில இடங்கள்ல இன்னும் இருக்கு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாலு பேர், எதிரெதிரா உட்கார்ந்தவங்க கூட்டாளி. ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு. இதுல ராஜாவும் ஏஸும் பெரிய ஆள் இல்லை. ஜாக்கிதான் பெரியது, அடுத்தது ஒன்பது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்ணுமில்லை. ஒரு பூவுக்கு 76, நாலு பூவுக்கும் சேர்த்து 304. பெயர் வந்த வழி அதுதான். முதல்ல நாலு நாலு சீட்டுப் போட்டு, அதை வெச்சே கேள்வி கேட்பாங்க. அதிகம் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கவுத்து வைப்பார். அந்தப் பூதான் துருப்பு. என்ன பூன்னு அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, கூட்டாளிக்குக்கூட.

சிக்கல் இங்கதான் ஆரம்பம். துருப்பு எதுன்னே தெரியாம மூணு பேர் ஆடுறாங்க. அப்போ ஒரு சீட்டு எந்த நொடியிலிருந்து துருப்பு?

1987 ஐப்பசி. நான் ஒன்பதாம் கிளாஸ். மழைக்கு ஸ்கூல் லீவு. கொட்டகையில அப்பாவும் டீக்கடைக்காரரும் ஒரு பக்கம், உப்பளத்துக் கணக்கப்பிள்ளையும் ஒரு லாரி டிரைவரும் எதிர்ப்பக்கம். துருப்பு வெச்சவர் டிரைவர். டீக்கடைக்காரர் டைமன் ஜாக்கியை இறக்கினார். டிரைவர் டைமன் எட்டு போட்டார். அப்பா கையில டைமன் இல்லை. கூட்டாளி ஜாக்கிதானே ஜெயிக்குது, வெச்சிருந்தா பின்னாடி எவனாவது வெட்டிடுவான்னு, தன் இஸ்பேடு ஜாக்கியையும் தூக்கிப் போட்டார். அறுபது பாயிண்ட் தரையில கிடக்கு. கடைசி ஆள் கணக்கப்பிள்ளை. அவர்கிட்டயும் டைமன் இல்லை. "துருப்பைத் திற"ன்னார். டிரைவர் திருப்பினார். இஸ்பேடு!

கணக்கப்பிள்ளை இஸ்பேடு ஏழை இறக்கி, நாலு சீட்டையும் தன் பக்கம் இழுத்தார்.

அப்பா கையைப் பிடிச்சுட்டார். "என்னது இது? துருப்பு இஸ்பேடுன்னா என் ஜாக்கிதானே பெரிசு?"

"நீங்க போட்டப்போ அது துருப்பு இல்லை. சும்மா கழிச்ச சீட்டு. திறந்த பிறகு விழுந்தது என் ஏழுதான்."

"திறந்தாலும் திறக்காட்டியும் இஸ்பேடு இஸ்பேடுதான்யா!"

பந்தயம் என்னவோ நாலு டீயும் நாலு பன்னும்தான். ஆனா பேச்சு எங்கெங்கேயோ போச்சு. எடை, மூட்டைக் கணக்கு, முன்பணம் எல்லாம் வெளியே வந்தது. தை மாசம் அளத்துல ஆள் எடுத்தப்போ அப்பா பேர் இல்லை. அந்த வருஷம் முழுக்க ஆறேழு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வேற அளத்துக்குப் போனார். விடிகாலை மூணு மணிக்குக் கிளம்புவார். அந்த ஏழை நான் மறக்கவே இல்லை.

யார் சொன்னது சரி? ரொம்ப வருஷம் கழிச்சுத் தெரிஞ்சது, ரெண்டு பேருமே ஒழுங்கான ஒரு விதியைத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா அது ரெண்டு வேற ஆட்டத்தோட விதி!

அசல் முந்நூத்திநாலுல "திற"ன்னு கேட்கிற வழக்கமே கிடையாது. கேட்ட பூ இல்லாதவர் தன் சீட்டைக் கவுத்துப் போடுவார். நாலு சீட்டும் விழுந்த பிறகு, துருப்பு வெச்சவர் கவுத்த சீட்டுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார். துருப்பு எதுவும் இல்லைன்னா அப்படியே கவுத்து வெச்சுடுவார், இறக்கின பூவுல பெரியதுக்குப் பிடி. ஒண்ணாவது துருப்புன்னா எல்லாத்தையும் காட்டி, தான் மறைச்சதையும் திருப்பிக் காட்டணும். பெரிய துருப்புக்குப் பிடி. யார் முன்னாடி போட்டது, யார் பின்னாடி போட்டதுங்கிற கேள்விக்கே இடமில்லை. தீர்ப்பு பிடியோட கடைசியில, எல்லாருக்கும் ஒண்ணா. இந்தக் கணக்குல அப்பாவோட ஜாக்கி ஜெயிக்கும்.

கேரளாக்காரங்க ஆடுற இருபத்தெட்டு இதுக்கு அண்ணன் தம்பி. அதே 32 சீட்டு, அதே ஜாக்கி, ஒன்பது வரிசை. கணக்கு மட்டும் சின்னது: 3, 2, 1, 1, ஆக மொத்தம் 28. அதுல பூ இல்லாதவர் துருப்பைத் திறக்கச் சொல்லலாம். சொன்னவர் கையில துருப்பு இருந்தா போட்டே ஆகணும். வேலைக்குப் போன இடத்துல என் ரூமில் இருந்த கோட்டயத்துப் பசங்க ஆடினது இப்படித்தான்: திறக்கிறதுக்கு முன்னாடி விழுந்தது வெறும் சீட்டு, பின்னாடி விழுந்ததுதான் துருப்பு. இந்தக் கணக்குல கணக்கப்பிள்ளையோட ஏழு ஜெயிக்கும்.

எங்க கொட்டகையில ஆடினது முந்நூத்திநாலு எண்ணிக்கையில இருபத்தெட்டு பாணி. கேரளாப் பக்கம் உப்பு லோடு அடிச்ச டிரைவர்கள் கொண்டுவந்து கலந்திருப்பாங்கன்னு என் ஊகம். ரெண்டு ஆட்டத்தைக் கலந்தவங்க, எந்த ஆட்டத்தோட நேரக் கணக்குன்னு பேசிக்கவே இல்லை.

இந்த ஆட்டமே இங்க எப்படி வந்தது? கொஞ்சம் கடல் பக்கம் போயிட்டு வருவோம்.

ஜாக்கியும் ஒன்பதும் தலையில உட்கார்றது உலகத்துல ஒரே ஒரு ஆட்டக் குடும்பத்துலதான். சுவிட்சர்லாந்தில் ஜாஸ், நெதர்லாந்தில் கிளாவர்யாஸ், பிரான்ஸில் பெலோத். அங்க துருப்புப் பூவுல மட்டும் ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14. ஏஸுக்கு 11, பத்துக்கு 10. கடைசி ரெண்டு எண்ணும் நம்ம முந்நூத்திநாலுல அப்படியே இருக்கு பாருங்க. இது தற்செயலா இருக்க முடியாது. சீட்டு விளையாட்டு ஆய்வாளர்கள் பெரும்பாலும் டச்சுக்காரர்களைத்தான் கைகாட்டுறாங்க.

பாண்டிச்சேரி பக்கத்துல இருக்கே, பிரெஞ்சுக்காரங்களா இருக்கக்கூடாதான்னு எனக்கும் ஆசைதான். ஆனா பெலோத் பிரான்ஸிலேயே பரவினது 20ஆம் நூற்றாண்டுலதான். டச்சுக்காரங்களுக்கு இந்தக் கரை நல்ல பழக்கம். வடக்கே பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தெற்கே கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம். பாண்டிச்சேரியையே 1693ல பிடிச்சு 1699 வரை வெச்சிருந்தாங்க. 1824 லண்டன் ஒப்பந்தப்படி மிச்சமிருந்த கோட்டைகளையும் ஆங்கிலேயர்கிட்டக் கொடுத்துட்டுக் கிளம்பினாங்க. மரக்காணம் சதுரங்கப்பட்டினத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல.

இலங்கையில சாட்சி இன்னும் பலமா இருக்கு. சிங்களத்துல சீட்டுப் பூக்களுக்குப் பேர் ஹாரத, ருயித, கலாபர, இஸ்கோப்ப. டச்சில் ஹார்ட்டன், ரௌட்டன், கிளாவரன், ஸ்கொப்பன். அச்சு அசல்! நாம சொல்ற துருப்புகூட, டச்சுக்காரங்க சொல்ற 'ட்ரூஃப்' மாதிரிதான் என் காதுல விழுது. சுவிஸ்காரங்க ஜாஸ் ஆடினதா முதன்முதலா எழுத்துல பதிவானது 1796ல. அதே வருஷம்தான் டச்சுக்காரங்க கொழும்பை ஆங்கிலேயர்கிட்ட இழந்தாங்க. அதுக்கு முன்னாடி இலங்கையில டச்சுக் கம்பெனிக்குக் கூலிக்குச் சண்டை போட்டது யார் தெரியுமா? டி மூரோன் பட்டாளம், சுவிஸ்காரங்க திரட்டினது! இதை வெச்சு ஒரு நாவலே எழுதலாம், ஆனா இப்போ வேண்டாம் :-)

எனக்கு முக்கியமாப் பட்டது வேற. ஜாஸிலும் கிளாவர்யாஸிலும் துருப்பை மறைச்சு வைக்கிறது கிடையாது. ஆட்டம் தொடங்கும்போதே எல்லாருக்கும் தெரியும். மறைக்கிறது நம்ம பக்கத்து வேலை. முந்நூத்திநாலு, இருபத்தெட்டு, வங்காளத்து இருபத்தொன்பது எல்லாத்துலயும் அது இருக்கு. கப்பல்ல வந்தது ஜாக்கியும் ஒன்பதும். "எப்போ?"ங்கிற கேள்வி இங்க முளைச்சது. கணக்கப்பிள்ளைக்கும் அப்பாவுக்கும் சண்டை மூட்டினவங்க டச்சுக்காரங்க இல்லை, நம்மாட்களேதான்.

இனி அக்கா பையன். பெங்களூர்ல வேலை. ட்ரேடிங் கார்டு விளையாட்டுல பைத்தியம், அதுவும் மேஜிக் தி கேதரிங். இதுல பொதுவான கட்டு கிடையாது. பாக்கெட் வாங்கி, மாத்திக்கிட்டு, அவங்கவங்க கட்டை அவங்கவங்களே சேர்க்கணும். ஒவ்வொரு சீட்டுலயும் அது என்ன செய்யும்னு அச்சடிச்சிருக்கும். அப்போ, கண்டுபிடிச்சவன் நினைச்சே பார்க்காத ரெண்டு சீட்டு மேசையில மோதிக்கும். எது முதல்ல நடக்குது?

1993 ஆகஸ்டுல அமெரிக்காவில் வந்த ஆட்டம். உருவாக்கினவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்துல முனைவர். வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட். கணித மேதை உருவாக்கியும் ஆரம்பத்துல நேர விதி ஒரே குழப்பம். 'இன்ஸ்டன்ட்'னு ஒரு வகை, எதிராளி முறையிலயும் போடலாம். (காபி இல்லை.) அதை விட வேகமா 'இன்டரப்ட்'னு ஒண்ணு. இன்டரப்டுக்குப் பதில் சொல்லணும்னா இன்னொரு இன்டரப்டால மட்டும்தான் முடியும். கடைக்குக் கடை ஒரு வியாக்கியானம். எங்க கொட்டகை மாதிரியேதான்.

அக்கா பையன் ரெண்டு சீட்டை வெச்சு விளக்கினான். "மாமா, இது கரடி. பலம் ரெண்டு, உயிர் ரெண்டு. இது ஜெயண்ட் க்ரோத், கரடிக்கு மூணும் மூணும் கூட்டும். இது லைட்னிங் போல்ட், மூணு அடி. நான் கரடிமேல க்ரோத் போடறேன். அது நடக்கிறதுக்கு முன்னாடி நீங்க போல்ட் போடறீங்க. கரடி சாகுமா, பிழைக்குமா?"

1990களின் நடுவுல இருந்த விதிப்படி பிழைக்கும். அப்போ 'பேட்ச்'னு ஒண்ணு. ஒண்ணுக்கு ஒண்ணு பதிலாப் போட்ட சீட்டெல்லாம் சேர்ந்து ஒரு தொகுதி. பின்னாடி போட்டது முன்னாடி நடக்கும். ஆனா அடியை மட்டும் தனியாச் சேர்த்து வெச்சு, தொகுதி முடிஞ்ச பிறகு ஒண்ணா இறக்குவாங்க. அதுக்குள்ள கரடி அஞ்சாயிடும், மூணு அடியைத் தாங்கிடும்.

1999 ஏப்ரல்ல ஆறாவது பதிப்பு வந்தது. இன்டரப்ட் ஒழிஞ்சது, பேட்ச் ஒழிஞ்சது. 'ஸ்டேக்'னு ஒரே ஒரு அடுக்கு. உப்பு மூட்டை அடுக்கினது மாதிரி நினைச்சுக்கங்க. கடைசியா மேல போட்ட மூட்டைதான் முதல்ல இறங்கும். இறங்கின மூட்டை வேலையை அங்கேயே முடிச்சுடும், கடைசிக்குன்னு எதையும் சேர்த்து வைக்கிறதில்லை. இப்போ போல்ட் முதல்ல இறங்குது. கரடி இன்னும் ரெண்டுதான். செத்துடும். அடுத்து இறங்குற க்ரோத்துக்குக் கரடியே இல்லை, வீண்.

அதே ரெண்டு சீட்டு. அதே வரிசை. 1998ல கரடி உயிரோட இருக்கு, 1999ல இல்லை!

எனக்கு அந்த இடத்துல கொட்டகைதான் ஞாபகம் வந்தது. எல்லாம் விழட்டும், கடைசியில ஒண்ணாப் பார்த்துக்கலாம்ங்கிற பேட்ச், நம்ம முந்நூத்திநாலு. விழுந்த நொடியில எது எப்படி இருந்ததோ அதுதான் கணக்குங்கிற ஸ்டேக், இருபத்தெட்டு. இத்தனை பேர் உட்கார்ந்து, அச்சடிச்சு, போட்டி நடத்தி, ஆறு வருஷம் கழிச்சு ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறினாங்க. அதே ரெண்டு பதிலையும் நம்ம ஊர்ல ரெண்டு சீட்டாட்டமா வெச்சு ஆடிக்கிட்டிருந்திருக்காங்க.

1999ல வந்ததும் முடிஞ்ச பாடில்லை. சண்டையில விழற அடியையும் அடுக்குலயே வெச்சாங்க. அதனால ஒரு தந்திரம் பிறந்தது. 'மாக் ஃபனாட்டிக்'னு ஒரு சின்ன பூதம், பலம் ஒண்ணு, உயிர் ஒண்ணு. தன்னையே பலி கொடுத்தா ஒரு அடி கொடுக்கும். சண்டையில அடியை அடுக்குல ஏத்திட்டு, அது இறங்குறதுக்குள்ள பூதத்தைப் பலி கொடுத்தா ரெண்டு அடி! செத்தவன் அடிச்ச அடி நிக்கும். பத்து வருஷம் இது செல்லுபடியாச்சு. 2009 ஜூலையில, மேஜிக் 2010 தொகுப்போட புது விதி வந்தது. சண்டை அடி இனி அடுக்குல ஏறாது, நேரா விழும். பூதம் ஒண்ணு அடிக்கலாம் இல்லை பலியாகலாம், ரெண்டும் கிடையாது. சீட்டுல ஒரு எழுத்து மாறலை, பலம் மட்டும் பாதியாச்சு. பழைய ஆட்டக்காரங்க ஆட்டமே செத்துடுச்சுன்னு கத்தினாங்க. ஆட்டம் சாகலை. 2024 நவம்பர்லகூட சண்டை விதியில ஒரு பகுதியை எடுத்துட்டாங்க. முழு விதிப் புத்தகம் இன்னிக்கு 250 பக்கத்துக்கு மேல. அதுல எந்த நேரத்துல யாருக்குச் சீட்டுப் போட உரிமைங்கிறதுக்கே தனி அத்தியாயம்.

எது சிறந்த விதின்னு கேட்டா, என் ஓட்டு முந்நூத்திநாலுக்கு. கவுத்துப் போடுறதுல ஒரு நாகரிகம் இருக்கு, கடைசிவரை யாருக்கும் தெரியாது, கழிச்சவனுக்கும் வெட்டினவனுக்கும் ஒரே மரியாதை. அக்கா பையன் ஒத்துக்க மாட்டான். "மாமா, கடைசியில மொத்தமாப் பார்த்தா நடுவுல யோசிக்கவே வேலை இல்லையே"ங்கிறான். அதுவும் நியாயம்தான்.

இதையெல்லாம் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட சொன்னேன். நாலு சீட்டையும் திண்ணையில அதே மாதிரி வெச்சுக் காட்டினேன். டைமன் ஜாக்கி, எட்டு, இஸ்பேடு ஜாக்கி, ஏழு. ரெண்டு விதியும் சொன்னேன். உங்க பக்கமும் சரிதான்ப்பா, அவர் பக்கமும் சரிதான்னு தீர்ப்பு வேற சொன்னேன்.

அப்பா சீட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்டா"ன்னார்.

தூக்கிவாரிப் போட்டது. தெரிஞ்சுதானா சண்டை?

"திறந்த பிறகு விழுந்தாத்தான் துருப்புன்னு சொன்னான்ல? அதுக்கு முந்தின நாள் இதே மாதிரி ஒரு பிடி. அவன் ஆர்ட்டீன் ஒன்பதைக் கழிச்சுட்டான். அப்புறம் நான் திறக்கச் சொல்றேன், ஆர்ட்டீன் வருது. நான் போட்டது எட்டு. அன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமா? ஆர்ட்டீன் எப்பவும் ஆர்ட்டீன்தான், ஒன்பதுதான் பெரிசுன்னு சொல்லிப் பிடியை எடுத்துக்கிட்டான். சரின்னு விட்டேன். மறுநாள் அவனுக்கு ஏழு வந்ததும் பேச்சு மாறுது. எந்த விதியா இருந்தா எனக்கென்ன? முன்னாடியே சொல்லிட்டு ஆடணும்."

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல அந்த முந்தின நாள் ஆட்டத்தைப் பத்தி எங்க யார்கிட்டயும் அவர் சொன்னதில்லை. நான் விதியோட நேரத்தைத் தேடி நாகப்பட்டினம், கொழும்பு, அமெரிக்கான்னு சுத்திட்டு வந்திருக்கேன். அவர் கோபம், விதியை எப்போ சொன்னாங்கங்கிறதுல இருந்திருக்கு. 1999லயும் 2009லயும் மேஜிக்காரங்க ஆட்டக்காரங்ககிட்டத் திட்டு வாங்கினது வேற. ஆனா தேதி போட்டு, முன்கூட்டியே அறிவிச்சாங்க. கரடி செத்த பிறகு யாரும் விதியை மாத்தலை.

கணக்கப்பிள்ளை இப்போ இல்லை. அந்த அளத்துல வேற ஆட்கள்.

அன்னிக்கு சாயங்காலம் அப்பா, நான், அக்கா பையன், பக்கத்து வீட்டு அண்ணன், நாலு பேரும் உட்கார்ந்தோம். அப்பா ரெண்டு முதல் ஆறு வரைக்கும் பொறுக்கி எடுத்துத் தனியா வெச்சுட்டு, மிச்சத்தைக் கலைச்சார். எனக்கு வெட்டக் கொடுத்தார். போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எங்க மூணு பேர் மூஞ்சியையும் ஒரு தடவை பார்த்தார்.

"திறக்கிறதா, கவுத்துறதா? இப்பவே சொல்லிடுங்க."

கவுத்துறதுன்னு சொன்னோம். முதல் நாலு சீட்டைப் போட்டார்.